நீர்க்கடுப்பு வந்தால்: முதல் மாத்திரைக்கு முன் ஒரு புட்டி

திருப்பூரில் பனியன் கம்பெனிகள் நெருக்கமாக இருக்கும் தெரு ஒன்றில், சிறிய லேப் ஒன்றின் கல்ச்சர் பிரிவில், அதாவது சிறுநீரில் உள்ள கிருமியைத் தட்டில் வளர்த்துப் பார்க்கும் பிரிவில், நான் வேலை செய்கிறேன். சிறுநீர்ப் புட்டியைக் கொடுக்க வருபவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அவர்களிலும் ஓவர்லாக் மிஷினிலும் செக்கிங் டேபிளிலும் நாள் முழுவதும் இருப்பவர்களே அதிகம். "ஒண்ணுக்குப் போனா எரியுதுங்க, சூடு புடிச்சுக்கிச்சாட்ட இருக்குதுங்க" என்று தொடங்குவார்கள். எத்தனை நாளாக என்று கேட்டால் நான்கு நாள், ஐந்து நாள் என்பார்கள். அதற்குள் தொப்புளில் விளக்கெண்ணெய் வைத்துப் பார்த்திருப்பார்கள், கால் பெருவிரலில் சுண்ணாம்பு தடவியிருப்பார்கள், மெடிக்கலில் இரண்டு மாத்திரையும் வாங்கிப் போட்டிருப்பார்கள். எண்ணெயாலும் சுண்ணாம்பாலும் எனக்கு எந்த இடைஞ்சலும் இல்லை. அந்த இரண்டு மாத்திரைதான் என் வேலையைக் கெடுக்கிறது. ஏன் என்பதை விளக்கவே இதை எழுதுகிறேன்.

சூடா, தொற்றா

நம் பக்கத்தில் நீர்க்கடுப்பு என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு மூன்று விஷயங்கள் அடங்கிவிடுகின்றன. சித்திரை வெயிலில் தண்ணீர் குடிக்காமல் வேலை செய்தால் சிறுநீர் அடர்ந்து, கடும் மஞ்சளாகி, போகும்போது காந்தும். இதைச் சூடு என்று சொல்வதில் தவறில்லை. இரண்டு மூன்று சொம்புத் தண்ணீர் குடித்து, சிறுநீர் வெளுத்து வந்ததும் இந்தக் காந்தல் சில மணி நேரத்தில் அடங்கிவிடும். சிறுநீர்ப்பையில் பாக்டீரியா பெருகியதால் வரும் எரிச்சல் அப்படி அடங்காது. போய்விட்டு வந்து உட்கார்ந்த பத்தாவது நிமிடத்தில் மறுபடி போக வேண்டும் போல முட்டும். ஓடிப் போனால் சில சொட்டுகள்தான் வரும். முடிக்கும் தறுவாயில் சுரீரென்று இழுக்கும். அடிவயிற்றில், இடுப்பெலும்புக்குச் சற்று மேலே, ஒரு கனமான வலி நிற்கும். சிறுநீர் கலங்கலாக இருக்கலாம், வழக்கமில்லாத வாடை அடிக்கலாம், சிலருக்கு இளஞ்சிவப்பாக ரத்தமும் கலந்து வரலாம்.

எரிச்சலோடு பிறப்புறுப்பில் அரிப்போ, வழக்கத்துக்கு மாறான வெள்ளைப்படுதலோ இருந்தால் காரணம் பெரும்பாலும் சிறுநீர்ப்பையில் இருக்காது. அதற்குரிய பரிசோதனை வேறு, மருந்தும் வேறு. விலாவில் கிளம்பி தொடையிடுக்கு வரை அலையலையாக இறங்கும் வலி என்றால் கல்லாக இருக்கக்கூடும். இவை இரண்டையும் நீர்க்கடுப்பு என்றே சொல்லிப் பழகியிருப்பதால், மருத்துவரிடம் போகும்போது 'கடுப்பு' என்று மட்டும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ளாமல், எங்கே, எப்போது, எத்தனை முறை என்பதையும் சேர்த்துச் சொல்வது நல்லது.

கிருமி எங்கிருந்து வருகிறது

இந்தத் தொற்றுக்கு வெளியூர்க் கிருமி எதுவும் தேவையில்லை. நான்கில் மூன்று பங்குக்கு மேல் காரணமாக இருப்பது எஸ்கெரிகியா கோலை, சுருக்கமாக ஈ.கோலை. 1885ஆம் ஆண்டு தியோடர் எஷரிக் என்ற குழந்தை மருத்துவர் கண்டு எழுதிய இந்தக் கிருமி, நம் எல்லோருடைய குடலிலும் குடியிருப்பதுதான். குடலில் இருக்கும்வரை பெரும்பாலும் தொல்லை தராது. ஆசனவாயை ஒட்டிய தோலிலிருந்து நகர்ந்து, சிறுநீர் வெளிவரும் குழாய் வழியாக மேலேறி, பைக்குள் புகுந்துவிட்டால்தான் பிரச்சினை. பெண்களுக்கு அந்தக் குழாயின் நீளம் ஏறக்குறைய 4 சென்டிமீட்டர், ஆண்களுக்கு 18 முதல் 20 சென்டிமீட்டர். பெண்களுக்கு இது அடிக்கடி வருவதற்கு முதல் காரணம் இந்த நீளக் குறைவுதான். 'சுத்தமாக இருக்க மாட்டேன் என்கிறாள்' என்று மருமகளைப் பேசும் மாமியார்கள் இந்த அளவை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

பைக்குள் வந்த எல்லாக் கிருமியும் தங்கிவிடுவதில்லை. சிறுநீர் போகும் ஒவ்வொரு முறையும் பெரும்பகுதி அடித்துக்கொண்டு வெளியே போய்விடுகிறது. ஆனால் தொற்று உண்டாக்கும் ஈ.கோலையின் உடம்பைச் சுற்றி மயிர்போன்ற நுண்ணிய இழைகள் உண்டு. அந்த இழைகளின் நுனி சிறுநீர்ப்பையின் உட்சுவர்ச் செல்களை, சீமைக் கருவேல முள் சேலையைப் பிடிப்பதுபோலப் பிடித்துக்கொள்கிறது. சில கிருமிகள் அந்தச் செல்லுக்கு உள்ளேயே நுழைந்து பதுங்குவதும் உண்டு. ஒருமுறை சரியான தொற்று சில வாரங்களில் திரும்பி வருவதற்கு இதுவும் ஒரு காரணமாகக் கருதப்படுகிறது.

இங்கே ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். ஏற்ற சூடும் நல்ல ஊட்டமும் கிடைத்தால் ஈ.கோலை 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகப் பிரியும். சிறுநீரில் அவ்வளவு வேகம் இருக்காது என்று எடுத்துக்கொண்டு, 30 நிமிடத்துக்கு ஒருமுறை என்றே வைத்துக்கொள்வோம். காலை எட்டரைக்கு மிஷினில் உட்கார்ந்த ஒருவர் பன்னிரண்டரை வரை எழுந்து போகாமல் இருந்தால், அந்த நான்கு மணி நேரத்தில் ஒரு கிருமி எட்டு முறை இரட்டித்து 256 ஆகிவிடும். இடையில் ஒருமுறை போயிருந்தால் அதில் பெரும்பகுதி கழிவறையோடு போயிருக்கும். இதே கணக்கு நீங்கள் கொண்டுவரும் புட்டிக்குள்ளும் ஓடுகிறது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

யார் காத்திருக்கக் கூடாது

குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், விலாவுக்குப் பின்புறம் வலி, வாந்தி ஆகியவற்றில் ஒன்று எரிச்சலோடு சேர்ந்தாலும் தொற்று பையைத் தாண்டிச் சிறுநீரகத்துக்கு ஏறிவிட்டது என்றே எண்ணி, அன்றைக்கே, இரவானாலும், மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். கர்ப்பிணிகள், ஆண்கள், குழந்தைகள், சர்க்கரை நோயாளிகள், கல் அடைப்பு உள்ளவர்கள், ஒற்றைச் சிறுநீரகத்தோடு வாழ்பவர்கள், சிறுநீர் வடியக் குழாய் (கத்தீட்டர்) போட்டிருப்பவர்கள் ஆகியோர் காய்ச்சல் வரும்வரை பொறுத்திருக்க வேண்டியதில்லை. எரிச்சல் தொடங்கிய உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும். கைக்குழந்தைக்கு எரிகிறது என்று சொல்லத் தெரியாது. சளியோ இருமலோ இல்லாமல் காய்ச்சல் அடித்தால் சிறுநீரையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

இந்தப் பட்டியலில் வராத, மற்றபடி ஆரோக்கியமாக இருக்கும் ஒரு பெண்ணுக்கு எப்போதோ ஒருமுறை வரும் எளிய தொற்றுக்கு, அறிகுறிகளைக் கேட்டே மருத்துவர் மருந்து எழுதலாம். கல்ச்சர் கட்டாயம் இல்லை. லேபில் வேலை செய்பவன் இதைச் சொல்வது முதலாளிக்குப் பிடிக்காது, ஆனாலும் உண்மை அதுதான். மேலே சொன்னவர்களுக்கும், மறுபடி மறுபடி வருபவர்களுக்கும், மருந்து தொடங்கி இரண்டு மூன்று நாள் ஆகியும் குறையாதவர்களுக்கும் கல்ச்சர் அவசியம். அதைக் கொடுக்க வேண்டிய நேரம் முதல் ஆன்டிபயாட்டிக் மாத்திரையை விழுங்குவதற்கு முன். ஒரே ஒரு மாத்திரை உள்ளே போனாலும் சிறுநீரில் உள்ள கிருமி தட்டில் வளராமல் போய்விடலாம். வளரவில்லை என்ற ரிசல்ட்டைப் பார்த்து, தொற்றே இல்லை என்று முடிவு கட்டவும் முடியாது, எந்த மருந்து கேட்கும் என்று சொல்லவும் முடியாது. எரிச்சலோடு இருக்கும் ஒருவரிடம் பொறுத்திருங்கள் என்று சொல்வது எளிதல்ல என்பது எனக்குத் தெரியும். ஆனால் இங்கே பொறுக்க வேண்டியது புட்டியை நிரப்பும் அந்தப் பத்து நிமிடம் மட்டுமே. புட்டியைக் கொடுத்துவிட்டால், ரிசல்ட் வரும்வரை மருந்தில்லாமல் இருக்க வேண்டும் என்பதில்லை. மருத்துவர் எழுதியதை அன்றே தொடங்கிவிடலாம்.

புட்டியை நிரப்பும் முறை

லேபிலோ மெடிக்கலிலோ கிடைக்கும் மூடி போட்ட, கிருமி நீக்கிய ஸ்டெரைல் புட்டியையே வாங்கிக்கொள்ளுங்கள். வெந்நீரில் கழுவிய ஜாம் பாட்டில், இருமல் டானிக் பாட்டில் எதுவும் உதவாது. கண்ணுக்குச் சுத்தமாகத் தெரிவது தட்டுக்குச் சுத்தம் ஆகாது. காலையில் எழுந்ததும் போகும் முதல் சிறுநீர் நல்லது, ஏனெனில் இரவு முழுவதும் பைக்குள் தங்கியிருந்ததால் கிருமி கணக்குக்குப் போதுமான அளவில் இருக்கும். ஆனால் கடுப்போடு இருப்பவர் இரவு முழுவதும் அடக்கி வைக்க முடியாது, அடக்கவும் கூடாது. அவர் எந்த நேரத்தில் கொடுத்தாலும் வாங்கிக்கொள்வோம்.

முதலில் சோப்புப் போட்டுக் கையைக் கழுவ வேண்டும். பெண்கள் பிறப்புறுப்பை வெறும் தண்ணீரால் முன்னிருந்து பின்னாகக் கழுவி, சுத்தமான துணியால் ஒற்றி எடுத்தால் போதும். டெட்டால் கலந்த தண்ணீரால் கழுவிவிட்டு வந்து அதைப் பெருமையாகச் சொல்பவர்கள் உண்டு. அந்த மருந்து புட்டிக்குள் சொட்டினால் நாங்கள் தேடும் கிருமியையே அது கொன்றுவிடும். ஆண்கள் முன்தோலைப் பின்னுக்குத் தள்ளிக் கழுவ வேண்டும். மாதவிலக்கு நாளாக இருந்தால் அதை லேபில் சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் அந்த ரத்தத்தைச் சிறுநீர்ப்பை ரத்தம் என்று நாங்கள் எழுதிவிடுவோம்.

இனி முக்கியமான இடம். ஒரு கை விரல்களால் பிறப்புறுப்பின் உதடுகளை விலக்கிப் பிடித்துக்கொண்டு, முதலில் வரும் சிறுநீரைக் கழிவறையிலேயே விட்டுவிட வேண்டும். குழாயின் வாயிலும் தோலிலும் ஒட்டியிருக்கும் கிருமிகளை இந்த முதல் பகுதி கழுவிக்கொண்டு போய்விடும். ஓட்டத்தை நிறுத்தாமலே மறு கையில் உள்ள புட்டியை நடுவில் நீட்டி, கால் டம்ளர் போலப் பிடித்து, புட்டியை எடுத்துவிட்டு மீதியைக் கழிவறையில் முடித்துவிட வேண்டும். குந்தி உட்காரும் நம் கழிவறைகளில் இது சற்றுக் கடினம்தான்: புட்டியைப் பின்னாலிருந்து நீட்டாமல் முன்பக்கமிருந்து நீட்டுங்கள், சேலை முந்தானையையும் சுடிதார் முனையையும் முதலிலேயே இடுப்பில் செருகிக்கொள்ளுங்கள், மூடியைத் தரையில் வைக்காமல், உட்பக்கத்தைத் தொடாமல், சுண்டுவிரலுக்கும் மோதிர விரலுக்கும் இடையில் பிடித்துக்கொள்ளுங்கள். வயதான அம்மாக்களுக்கு முட்டி வலி இருந்தால் மகளோ பேத்தியோ புட்டியைப் பிடித்துக்கொள்ளலாம். கையைக் கழுவியிருந்தால் போதும்.

கத்தீட்டர் போட்டவர்களுக்குக் கட்டிலுக்குக் கீழே தொங்கும் பையிலிருந்து பிடித்துக்கொண்டு வராதீர்கள். அந்தப் பை பல மணி நேரமாகக் கிருமி வளர்க்கும் தொட்டி. செவிலியர் ஒருவர் குழாயில் அதற்கென்று உள்ள இடத்தைத் துடைத்து ஊசியால் எடுக்க வேண்டும். கைக்குழந்தைகளுக்கு ஒட்டும் பையில் பிடிப்பதில் தோல் கிருமி கலந்துவிடுவதால், சில நேரம் மருத்துவர் மெல்லிய குழாய் விட்டு எடுப்பார். பெற்றவர்களுக்குப் பார்க்கச் சங்கடமாக இருந்தாலும் தவறான ரிசல்ட்டை வைத்து வைத்தியம் செய்வதைவிட அது மேல்.

பிடித்த புட்டி இரண்டு மணி நேரத்துக்குள் லேபுக்கு வந்துவிட வேண்டும். முடியாது என்றால் ஃபிரிட்ஜில், பால் வைக்கும் தட்டில், கவரில் சுற்றி வைத்து 24 மணி நேரத்துக்குள் கொடுக்கலாம். ஃப்ரீசரில் வைக்கக் கூடாது. ஃபிரிட்ஜ் குளிரில் கிருமி இறக்காது, இரட்டிக்காமல் நிற்கும். ஸ்கூட்டி சீட்டுக்கு அடியில் உள்ள பெட்டிதான் இருப்பதிலேயே மோசமான இடம். மே மாத மதியத்தில் அது அடைகாக்கும் பெட்டியாகவே ஆகிவிடும்.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். முன்பு வேறொரு லேபில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், காங்கேயம் பக்கத்திலிருந்து பஸ்ஸில் ஒரு புட்டி வந்தது. எப்போது பிடித்தது என்று நான் கேட்கவில்லை. கொண்டுவந்த மகனும் சொல்லவில்லை. மறுநாள் தட்டு நிறைய ஈ.கோலை, மில்லிக்கு ஒரு லட்சம் கிருமிக்கு மேல், அதாவது தொற்று, என்று எழுதிக் கொடுத்தேன். அந்த அம்மாள் ஒரு வாரம் ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டும் வலி குறையாமல், ஸ்கேன் எடுத்தபோது வலிக்குக் காரணம் கல் என்று தெரிந்தது. பிறகு விசாரித்ததில், காலை ஆறு மணிக்குப் பிடித்த புட்டி பதினொன்றரைக்கு என் கைக்கு வந்திருக்கிறது. கொஞ்சமாக ஒட்டி வந்த கிருமி பஸ்ஸில் வரும் வழியிலேயே லட்சமாகப் பெருகியிருக்க வேண்டும். அன்றிலிருந்து பெயருக்கு முன்பு நேரத்தைத்தான் கேட்கிறேன். நீங்கள் கேட்கப்படாவிட்டாலும் புட்டியின் மேல் ஒட்டிய தாளில் பிடித்த நேரத்தை எழுதிக் கொடுங்கள்.

லேபுக்குள் நடப்பது

அரை மணி நேரத்தில் கிடைக்கும் சாதாரண யூரின் டெஸ்ட்டில் இரண்டு குறிப்புகளைப் பார்க்கிறோம். ஒன்று, தொற்றை எதிர்க்க வந்து சேர்ந்த வெள்ளை அணுக்கள். ரிப்போர்ட்டில் 'பஸ் செல்ஸ்' என்று இருக்கும். இன்னொன்று நைட்ரைட். ஈ.கோலை போன்ற கிருமிகள் சிறுநீரில் உள்ள நைட்ரேட்டை நைட்ரைட்டாக மாற்றும். அதற்குச் சிறுநீர் பைக்குள் சுமார் நான்கு மணி நேரமாவது தங்க வேண்டும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஓடுபவரின் சிறுநீரில் நைட்ரைட் இல்லை என்று வந்தால் தொற்று இல்லை என்று பொருளாகாது.

கல்ச்சருக்கு, ஒரு மில்லியில் ஆயிரத்தில் ஒரு பங்கை மட்டும் அள்ளும் கம்பி வளையத்தைப் புட்டிக்குள் முக்கி, பச்சை கலந்த நீல நிறத் தட்டில் கோடு இழுத்து, 37 டிகிரி சூட்டில் இரவு முழுவதும் வைப்போம். மறுநாள் காலை திறக்கும்போது ஈ.கோலை இருந்தால் தட்டு மஞ்சளாக மாறி, மஞ்சள் பொட்டுகள் எழும்பியிருக்கும். ஈரோட்டுச் சந்தை மஞ்சளைவிடச் சற்று வெளிறிய மஞ்சள். ஒரு பொட்டு, முதலில் தட்டில் விழுந்த ஒரு கிருமியின் குடும்பம். நூறு பொட்டு இருந்தால், ஆயிரத்தால் பெருக்கி, மில்லிக்கு ஒரு லட்சம் என்று எழுதுகிறோம். தொற்று என்று கொள்ள ஒரு லட்சம் என்ற எல்லையை 1956இல் எட்வர்ட் காஸ் என்ற அமெரிக்க மருத்துவர் வகுத்துத் தந்தார். அறிகுறி தெளிவாக உள்ள பெண்ணுக்கு அதைவிடக் குறைந்த எண்ணிக்கையும் தொற்றாக இருக்கலாம் என்று பின்னால் தெரிந்ததால், பத்தாயிரம் என்று வந்த ரிசல்ட்டை நீங்களே தள்ளிவிடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். மூன்று நான்கு வகைப் பொட்டுகள் கலந்து எழும்பினால் அது பெரும்பாலும் தோலிலிருந்து கலந்தது. மறுபடி புட்டி கேட்போம், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

அதற்கடுத்த நாள், வளர்ந்த கிருமியை வேறு தட்டில் பரப்பி, மருந்து தோய்த்த சிறு காகித வட்டுகளை அதன்மேல் வைப்போம். மருந்து கேட்டால் வட்டைச் சுற்றிக் கிருமி வளராமல் ஒரு வெற்று வளையம் விழும். அதை அளந்து, கேட்கும் என்பதற்கு எஸ், கேட்காது என்பதற்கு ஆர், இடைப்பட்டதற்கு ஐ என்று எழுதுவோம். இதனால்தான் முழு ரிசல்ட்டுக்கு இரண்டு மூன்று நாள் ஆகிறது. ரிப்போர்ட்டை வாங்கியதும் எதற்குப் பெரிய வளையம் விழுந்தது என்று கேட்டு அதை மெடிக்கலில் வாங்கப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு மருந்துக்கும் வளையத்தின் அளவுகோல் தனி. பெரிய வளையம் சிறந்த மருந்து என்று பொருள் இல்லை. மேலும் எஸ் போட்ட பட்டியலில் ஊசியாக மட்டும் போடக்கூடிய, ஐசியூவுக்கென்று பாதுகாத்து வைக்க வேண்டிய மருந்துகளும் இருக்கும். பட்டியலிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுப்பது மருத்துவரின் வேலை.

மருந்து

எளிய சிறுநீர்ப்பைத் தொற்றுக்கு இன்றும் நன்றாகக் கேட்பவை பழைய மருந்துகளே. நைட்ரோஃபுரான்டாயின் வழக்கமாக ஐந்து நாள். உணவோடு சாப்பிட வேண்டும். சிறுநீர் அடர் மஞ்சளாகவோ பழுப்பாகவோ மாறினால் பயப்பட வேண்டாம். ஃபோஸ்ஃபோமைசின் தூளாக வரும். 3 கிராம் பொட்டலத்தைத் தண்ணீரில் கரைத்து ஒரே முறை குடிப்பது. நைட்ரோஃபுரான்டாயின் சிறுநீரில் சேருமே தவிர உடல் திசுக்களில் போதுமான அளவு சேராது. அதனால் காய்ச்சலும் விலா வலியும் உள்ளவர்களுக்கு அது போதாது. சிறுநீரகம் மிகவும் பலவீனமானவர்களுக்கும் அதைத் தவிர்ப்பார்கள். யாருக்கு எது, எத்தனை நாள் என்பதை எழுத வேண்டியவர் மருத்துவர். பெயரை இங்கே சொன்னது, மலிவான பழைய மாத்திரையை எழுதிவிட்டாரே என்று நீங்கள் குறைபட்டுக்கொள்ளாமல் இருக்கத்தான்.

போன முறை வயிற்றுப்போக்குக்கு வாங்கி மீந்த ஆஃப்லாக்சசின், பக்கத்து வீட்டு அக்கா கொடுத்த சிப்ரோஃப்ளாக்சசின் என்று தொடங்கினால் இரண்டு விதத்தில் நட்டம். நம் நாட்டு ஈ.கோலையில் பெரும்பகுதிக்கு இந்த வகை மருந்துகள் இப்போது கேட்பதில்லை. என் தட்டுகளில் இந்த வட்டைச் சுற்றி வளையமே விழாத நாள்தான் அதிகம். இரண்டாவது, அரைகுறையாகப் போட்ட மருந்து குடலில் உள்ள மற்ற கிருமிகளையும் அந்த மருந்துக்குப் பழக்கிவிடுகிறது. அடுத்த தொற்று அந்தப் பழகிய கிருமியால் வரக்கூடும். அட்டையில் செங்குத்தாகச் சிவப்புக் கோடு போட்டிருந்தால், மருத்துவர் சீட்டு இல்லாமல் வாங்கக் கூடாத மருந்து என்று அடையாளம்.

மெடிக்கலில் 'கடுப்புக்கு' என்று கேட்டால் கொடுக்கும் இளஞ்சிவப்பு சிரப்பு, சிறுநீரின் புளிப்பைக் குறைத்து எரிச்சலைச் சற்றுத் தணிக்கும், கிருமியைக் கொல்லாது. நைட்ரோஃபுரான்டாயின் புளிப்புள்ள சிறுநீரில்தான் நன்றாக வேலை செய்யும் என்பதால், அந்த மாத்திரையோடு இந்தச் சிரப்பையும் நீங்களாகச் சேர்த்துக்கொள்ளாமல் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். பார்லிக் கஞ்சி, நீர்மோர், வெந்தயத் தண்ணீர் எல்லாவற்றுக்கும் ஒரே மரியாதை: அவை தண்ணீர், அந்த அளவுக்கு நல்லவை. பொள்ளாச்சி இளநீரும் அப்படித்தான்; ஆனால் அதில் பொட்டாசியம் அதிகம், சிறுநீரகம் பழுதானவர்கள் கேட்காமல் குடிக்கக் கூடாது. தொப்புள் எண்ணெய் கிருமியை ஒன்றும் செய்யாது. தடவிவிடும் ஆத்தாவின் கைக்கு உள்ள இதத்தை நான் மறுக்கவில்லை.

சரியான மருந்து என்றால் ஒன்றிரண்டு நாளில் எரிச்சல் குறையும். மூன்றாம் நாளும் அப்படியே இருந்தால் மருத்துவரிடம் திரும்பிப் போங்கள். தொற்று சரியான பிறகும் ரத்தம் வந்துகொண்டிருந்தால், குறிப்பாக நாற்பது வயதைக் கடந்தவர்களும் புகைப்பவர்களும், அதைத் தனியாகப் பார்க்க வேண்டும். வலியில்லாத ரத்தம் சிறுநீர்ப்பைப் புற்றின் முதல் அறிகுறியாகவும் இருக்கலாம்.

மறுபடி வராமல் இருக்க

ஆறு மாதத்தில் இரண்டு முறை, அல்லது ஒரு வருடத்தில் மூன்று முறை வந்தால் அதை மறுபடி மறுபடி வரும் தொற்று என்கிறார்கள். அப்படிப்பட்ட, நாளுக்கு ஒன்றரை லிட்டருக்கும் குறைவாகக் குடிக்கும் பழக்கமுள்ள பெண்களை வைத்து நடந்து 2018இல் வெளியான ஆய்வு ஒன்றில், வழக்கத்தைவிட ஒன்றரை லிட்டர் தண்ணீர் கூடுதலாகக் குடித்தவர்களுக்கு ஆண்டுக்கு மூன்று முறைக்குச் சற்று மேல் வந்துகொண்டிருந்தது இரண்டு முறைக்கும் கீழே இறங்கியது. இவ்வளவு மலிவான வைத்தியம் வேறில்லை. ஆனால் இதைச் சொன்னதும் என்னிடம் வரும் பெண்கள் சிரிப்பார்கள். தண்ணீர் குடித்தால் போக வேண்டி வரும். பீஸ் ரேட்டில் தைப்பவருக்கு எழுந்து போய் வரும் நேரம் காசு. ஒன்றரை ஷிஃப்டு ஓடும் நாளில் சூப்பர்வைசர் பார்ப்பார். இருக்கும் கழிவறைக்கு முன் வரிசை நிற்கும், உள்ளே தாழ்ப்பாள் இருக்காது. "தண்ணி குடிக்காம இருக்கறது எங்களுக்குத் தெரியாதுன்னா நெனைக்கறீங்க?" என்று ஒரு அக்கா கேட்டார். அவருக்கு என்னிடம் பதில் இல்லை.

சட்டத்தில் பதில் இருக்கிறது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் தன் 19ஆம் பிரிவில், தொழிலாளர் வேலையில் இருக்கும் எல்லா நேரமும் போய்வரக்கூடிய வகையில், பெண்களுக்குத் தனியாகக் கழிவறை இருக்க வேண்டும் என்று எழுதி வைத்தது. எழுந்து போக விடாத கம்பெனியில் தண்ணீர் பாட்டிலை மட்டும் கொடுத்துப் பயனில்லை என்பது என் எண்ணம். கம்பெனி மாறும்வரை செய்யக்கூடியது, டீ டைமிலும் சாப்பாட்டு நேரத்திலும் முட்டினாலும் முட்டாவிட்டாலும் ஒருமுறை போய்விடுவதும், குடிக்கும் தண்ணீரை அந்த நேரங்களை ஒட்டிப் பிரித்துக்கொள்வதும்தான். மஞ்சள் காட்டிலும் கரும்புக் காட்டிலும் வேலை செய்பவர்களுக்குக் கழிவறையே இல்லை. மறைவு கிடைக்கும் பொழுது சாயும்வரை அடக்குகிறார்கள். அவர்களுக்கு என்ன வழி சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

உடலுறவுக்குப் பிறகு ஒருமுறை சிறுநீர் கழித்துவிடுவது நல்ல பழக்கம். முன்னிருந்து பின்னாகக் கழுவுவதும் அப்படியே. ஆய்வுகளில் இவற்றுக்கு உறுதியான சான்று கிடைக்கவில்லை என்றாலும், செய்வதில் செலவில்லை. வாசனைத் திரவம், சோப்பு என்று உள்ளே கழுவ வேண்டாம். அங்கே காவலுக்கு இருக்கும் நல்ல பாக்டீரியாவை அது விரட்டிவிடும். மாதவிலக்கு நின்ற பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் குறைவதால் அந்தக் காவல் தளர்ந்து, தொற்று அடிக்கடி வரும். பெண்ணுறுப்பில் தடவும் ஈஸ்ட்ரோஜன் க்ரீம் அவர்களுக்கு நன்றாக உதவுகிறது. அறுபது வயது அம்மாள் இதைப் பற்றி வாய்விட்டுக் கேட்கக் கூச்சப்படுவார். கூட வரும் மகள் கேட்கலாம். சர்க்கரை கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். வயதான ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே உள்ள புராஸ்டேட் சுரப்பி வீங்கிச் சிறுநீர் முழுவதும் வெளியேறாமல் தேங்கினால், தேங்கிய குட்டையில் பாசி பிடிப்பதுபோலத் தொற்று வரும். அங்கே சரி செய்ய வேண்டியது அடைப்பை.

முழு உடல் பரிசோதனையில் தற்செயலாக 'பாக்டீரியா உள்ளது' என்று வந்து, உங்களுக்கு எந்த அறிகுறியும் இல்லை என்றால், பெரும்பாலும் மருந்து வேண்டியதில்லை. வயதானவர்களிலும் கத்தீட்டர் உள்ளவர்களிலும் இது சர்வசாதாரணம். மருந்து கொடுத்தால் அடுத்து வருவது முரட்டுக் கிருமியாக இருக்கலாம். கர்ப்பிணிகள் இதற்கு முக்கியமான விலக்கு. அறிகுறியே இல்லாவிட்டாலும் அவர்களுக்கு வைத்தியம் செய்ய வேண்டும், ஏனெனில் விட்டால் சிறுநீரகத்துக்கு ஏறும் வாய்ப்பு அவர்களுக்கு மிக அதிகம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்ப காலப் பரிசோதனையின்போது சிறுநீர் கேட்டால் தட்டிக்கழிக்காமல் கொடுங்கள். மருந்து முடிந்த பிறகு அவர்கள் மறுபடியும் ஒருமுறை கல்ச்சர் கொடுக்க வேண்டியிருக்கும். மற்றவர்களுக்கு எரிச்சல் நின்றுவிட்டால் மறு கல்ச்சர் தேவையில்லை.

பழைய ரிப்போர்ட்டுகளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அவிநாசிப் பக்கத்திலிருந்து வரும் ஒரு அம்மாள், ஜவுளிக்கடை மஞ்சப்பை ஒன்றில் ஆறு வருடத்துக் கல்ச்சர் ரிப்போர்ட்டுகளைத் தேதி வாரியாக அடுக்கி வைத்திருக்கிறார். எழுதப் படிக்கத் தெரியாது. பேரன் ஒவ்வொன்றின் மேலும் மாதத்தையும் வருடத்தையும் பெரிதாக எழுதிக் கொடுத்திருக்கிறான். சென்ற முறை காய்ச்சலோடு இரவில் மருத்துவமனைக்குப் போனபோது, புதுக் கல்ச்சர் வர இரண்டு நாள் ஆகும் என்ற நிலையில், பணியிலிருந்த மருத்துவர் அந்தப் பையைப் புரட்டி, கடைசி இரண்டு முறையும் எந்த மருந்துக்கு ஆர் வந்திருந்தது என்று பார்த்து, அதை விட்டுவிட்டு வேறு ஊசியைத் தொடங்கினார். மூன்றாம் நாள் எங்கள் ரிசல்ட் போனபோது அந்த ஊசிக்கு நேராக எஸ் என்றே இருந்தது. அந்தத் தாளும் இப்போது அந்த மஞ்சப்பையில்தான் இருக்கிறது.